சத்தியம் வாங்கினால் சிகரெட் நின்றுவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 15. அவனுடைய பையில் சிகரெட்டைப் பார்த்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். இரண்டே வாரத்தில் மறுபடியும் புகைத்திருக்கிறான். அவனுக்கு மனக்கட்டுப்பாடே கிடையாதா? நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் மகன் பொய்ச் சத்தியம் செய்ததாக நான் நினைக்கவில்லை. உங்கள் முன்னால் அழுதபடி நின்றபோது விட்டுவிட வேண்டும் என்று அவன் உண்மையாகவே எண்ணியிருப்பான். ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டிய நேரம், நண்பர்கள் சூழ நிற்க, ஒருவன் பற்றவைத்த சிகரெட்டை நீட்டுகிற நேரம். விளைவை எண்ணிப் பார்த்து ஆசையை அடக்குகிற மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இன்பத்தையும் நண்பர்களின் பாராட்டையும் நாடும் பகுதியோ பதின்ம வயதிலேயே மிகுந்த வேகத்துடன் இயங்கத் தொடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, இழுத்த புகையிலுள்ள, அடிமையாக்கும் பொருளான நிகோட்டின் சில நொடிகளிலேயே மூளையை எட்டிவிடுவதாலும், வளரும் மூளை அதற்கு எளிதில் பழகிவிடுவதாலும், தினமும் புகைக்காத பிள்ளைகளிடம்கூட அடிமைத்தனத்தின் அறிகுறிகள் தோன்றலாம்.

ஆகவே அவனிடம் குறைவாக இருப்பது ஒழுக்கமல்ல, பழக்கத்தால் கைவரும் ஒரு திறன். சத்தியத்துக்குப் பதிலாக, "எந்த இடத்தில், யாருடன் இருக்கும்போது கை நீள்கிறது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை குறுக்கே பேசாமல் இருங்கள். பெற்றோருக்கு இதுதான் கடினம். டியூஷன் முடிந்து நண்பர்களுடன் நிற்கும்போது என்று அவன் சொன்னால், அந்த ஒரு தருணத்துக்கு மட்டும் திட்டம் போடுங்கள்: "அவன் நீட்டினால், 'எனக்கு வேண்டாம்டா, நான் விட்டுட்டேன்' என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுப்பேன்." இந்த வாக்கியத்தை அவன் தன் வாயால், தன் வார்த்தைகளில், நீங்கள் நண்பனாக நடிக்க, நாலைந்து முறை சொல்லிப் பார்க்கட்டும். முதலில் வெட்கப்பட்டுச் சிரிப்பான், பரவாயில்லை. "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது, பொதுவாக "இனிமேல் செய்யமாட்டேன்" என்று உறுதி எடுப்பதைவிட நன்றாகப் பலன் தருகிறது. ஏனென்றால் அந்த நெருக்கடியில் அவன் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை.

புகைக்கும் வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள். விட்ட முதல் 3 நாட்கள்தான் மிகவும் கடினமானவை. அப்போது எரிந்து விழுவான், தூக்கம் கெடும், படிப்பில் மனம் நிற்காது. இந்த அறிகுறிகள் பெரும்பாலும் 3 அல்லது 4 வாரங்களில் அடங்கிவிடும். இடையில் ஒருமுறை தவறினால் தண்டிக்காதீர்கள். தண்டனைக்கு அஞ்சும் பிள்ளை அடுத்த முறை மறைக்கத்தான் கற்றுக்கொள்கிறான். மாற்றாக இ-சிகரெட்டையும் அனுமதிக்க வேண்டாம். பெரும்பாலானவற்றில் இருப்பதும் அதே நிகோட்டின்தான். வீட்டில் பெரியவர் யாரேனும் புகைத்தால், அவரும் இப்போதே நிறுத்த முயல்வது நல்லது.

காலையில் கண்விழித்த அரை மணி நேரத்துக்குள் அவனுக்குச் சிகரெட் தேவைப்படுகிறது என்றால், அடிமைத்தனம் ஆழமாகிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் வீட்டு முயற்சியோடு நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புகையை விட உதவும் நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை போன்றவற்றை அவர் சொல்லாமல் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.