ஐந்து கேன் ஏற்ற கேரியரை நீட்டலாமா?

கேள்வி: சென்னை வியாசர்பாடியில் சைக்கிளில் தண்ணீர் கேன் போடுகிறேன். ஒரு நடைக்கு 3 கேன்தான் ஏறுகிறது. கேரியரை ஓரடி நீட்டினால் 5 ஏற்றலாம் என்கிறார் வெல்டிங் கடைக்காரர். இன்ஜின் வைத்த பழைய மீன்பாடி வண்டியை (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: கேரியரை நீட்டாதீர்கள். 20 லிட்டர் கேன் 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும். ஐந்து சேர்ந்தால் நூறு தாண்டிவிடும். நீட்டிய ஓரடியில் உட்காரும் கேன் பின் அச்சுக்கு வெளியே தொங்கும். ஸ்பீடு பிரேக்கரில் ஹேண்டில் லேசாகி முன்சக்கரம் எழும்பும். இப்போதே பின்சக்கரத்துப் போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் முதலில் கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தின் கோட்டம் எடுங்கள். ஒரு கம்பி அறுந்தால் பக்கத்துக் கம்பிகளும் ஒவ்வொன்றாகப் போகும்.

மிதிக்கிற மீன்பாடி தப்பில்லை, நிறுத்த இடம் இருந்தால். இன்ஜின் வைத்ததன் பக்கமே போகாதீர்கள். காயலான் கடை ஸ்கூட்டர் இன்ஜினைப் பொருத்தி, "ஆர்.சி. யாரும் கேக்க மாட்டாங்கண்ணே, ஸ்டேஷன்ல நம்ம ஆள் இருக்காரு" என்று விற்கிற தரகர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வண்டிக்குப் பதிவும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது. யார் மேலாவது இடித்தால் நஷ்டஈடு உங்கள் கையிலிருந்துதான். அன்றைக்குத் தரகர் போனை எடுக்க மாட்டார். 1973-லேயே கை ரிக்‌ஷாவை ஒழித்த ஊர் இது. சரக்கு இழுக்கிறவருக்கு மட்டும் ஒழுங்கான வண்டியைக் காட்ட இன்னும் யாருக்கும் நேரமில்லை. பிடித்து வைக்க மட்டும் நேரம் இருக்கிறது.

பேட்டரி மோட்டார் மாட்டுவதானால் 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள். அதற்கு மேல் போனால் அதுவும் மோட்டார் வாகனம்தான், கடைக்காரர் என்ன ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தாலும்.

உங்களுக்குச் சரிப்படுவது பின்னால் கோக்கிற இரண்டு சக்கர டிரெய்லர். பாரத்தை அதன் சக்கரமே சுமக்கும்; சந்து வந்தால் கழற்றி வைத்துவிட்டு கேனோடு நடக்கலாம். கொக்கியை சீட்டுக் கம்பியில் மாட்டாமல் பின் அச்சோடு மாட்டச் சொல்லுங்கள். கேன்களை டிரெய்லர் அச்சுக்குச் சற்றே முன்னால் அடுக்குங்கள். பின்னால் தள்ளி அடுக்கினால் கொக்கி சைக்கிளைத் தூக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு: உங்கள் பக்கத்தில் ரயில் பாதைக்கு அடியில் போகிற கணேசபுரம் சுரங்கப்பாதை. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லை. இறக்கத்தில் நூறு கிலோவும் உங்கள் முதுகில் வந்து தள்ளும். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்கவே பிடிக்காது. அதனால் மழை நாளில் அந்தப் பக்கம் போனால் பழையபடி கேரியரில் 3 கேன்தான், அதுவும் இறங்கித் தள்ளிக்கொண்டு. வெயில் நாளில் 5 கேன் இருந்தாலும் இறக்கம் தொடங்கும் முன்பே இறங்கிவிடுங்கள். பாதி வழியில் இறங்க முடியாது. தண்ணீர் தேங்கியிருந்தால் சுற்றிப் போங்கள்.

கொக்கியோடு ஒரு துண்டுச் சங்கிலியும் கட்டிவிடுங்கள். பூட்டுச் சங்கிலி பழசு இருந்தாலே போதும். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் நடுரோட்டில் தனியாக ஓடாது.