பனி நாளில் யாருக்கு விடுப்பு, யாருக்கு வேலை?

வாசகர் கேள்வி – பதில்

(அமெரிக்காவில் ஃபெடரல் அரசுப் பணியில் இருக்கும் வாசகர்கள் இந்தப் பனிக்காலத்தில் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.)

பனியால் அலுவலகம் மூடல் என்று அறிவிப்பு வந்தது. பக்கத்து இருக்கைக்காரருக்குச் சம்பளத்தோடு விடுப்பு. என்னை மட்டும் வீட்டிலிருந்து எட்டு மணி நேரமும் வேலை பார்க்கச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். இருவருக்கும் ஒரே கிரேடு. இது என்ன கணக்கு?
– வாசகர், ஃபேர்ஃபாக்ஸ்

கிரேடுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான டெலிவொர்க் ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திட்டிருப்பீர்கள், அவர் இட்டிருக்க மாட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

2010 பிப்ரவரிப் பனிப்புயலில் வாஷிங்டனின் ஃபெடரல் அலுவலகங்கள் தொடர்ந்து நான்கு நாள் மூடிக் கிடந்தன. அரசு இயந்திரம் அப்படி நின்றுபோகக் கூடாது என்ற வாதத்துக்கு அந்தப் புயல் வலுச் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெலிவொர்க் சட்டம் கையெழுத்தானது. 2016 இறுதியில் வந்த இன்னொரு சட்டம் ‘வானிலை, பாதுகாப்பு விடுப்பு’ என்று ஒரு தனி வகையை உண்டாக்கியது. பணியாளர் நிர்வாக அலுவலகமான ஓ.பி.எம். அதற்கு எழுதிய விதிகள் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. பத்திரமாகப் பயணம் செய்யவோ, அனுமதிக்கப்பட்ட இடத்தில் பத்திரமாக வேலை செய்யவோ முடியாதவருக்கு மட்டுமே இந்த விடுப்பு. வீடே அனுமதிக்கப்பட்ட பணியிடமாக இருப்பவருக்குச் சாலையில் இரண்டடிப் பனி கிடந்தாலும் வேலை உண்டு.

பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று வழக்கமாக டெலிவொர்க் செய்பவருக்குத்தான் இது பொருந்தும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. அவசியப்படும்போது மட்டும், எப்போதாவது வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று ஓர் ஒப்பந்தம் இருந்தாலே போதும், நீங்கள் டெலிவொர்க் திட்டத்தில் இருப்பவர்தான். 2025 ஜனவரி 20 அன்று வந்த ‘அலுவலகத்துக்குத் திரும்புங்கள்’ ஆணைக்குப் பிறகு வாராந்தர டெலிவொர்க்கை இழந்தவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு இந்த எப்போதாவது வகை ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். மற்ற நாளெல்லாம் அலுவலகம் வந்தே தீர வேண்டும், பனி நாளில் மட்டும் வீட்டிலிருந்து வேலை என்பது மனத்தை உறுத்தும்தான். ஆனாலும் விதிப்படி அது சரி. உங்கள் ஒப்பந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பனி விழுவதற்கு முன்பே சூப்பர்வைசரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இதைப் பணியாளர் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விடாமல், ஒவ்வொரு அரசு நிறுவனமும் நவம்பரிலேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லேப்டாப்பை அலுவலகத்திலேயே விட்டுவந்துவிட்டேன். மறுநாள் மூடல். விடுப்புக் கிடைக்குமா?
– வாசகி, அலெக்சாண்ட்ரியா

பனி வரும் என்பதை நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியுமா என்று பார்ப்பார்கள். அதை முடிவு செய்வது நிறுவனம், நீங்கள் அல்ல. முன்னறிவிப்பே இல்லாமல் இரவோடு இரவாக நிலைமை மாறியிருந்தால் வானிலை விடுப்புத் தரலாம். தேசிய வானிலைச் சேவை ஓரிரு நாள் முன்பே பனிப்புயல் எச்சரிக்கை விட்டிருந்தால் அந்த வாதம் எடுபடாது. உங்கள் ஆண்டு விடுப்பிலோ, கூடுதல் நேரம் வேலை பார்த்ததற்கு ஈடாகச் சேர்த்துவைத்த ஈட்டுநேரத்திலோ கழியும்.

லேப்டாப் மட்டும் போதாது. கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் அடையாள அட்டையை அலுவலகக் கார்டு ரீடரிலேயே செருகிவிட்டு வருவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வீட்டில் கார்டு ரீடர் இருக்கிறதா, சார்ஜர் பையில் இருக்கிறதா, பாஸ்வேர்டு காலாவதியாகப் போகிறதா என்று பாருங்கள். அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் வி.பி.என். பக்கமே மாதக்கணக்கில் போகாத லேப்டாப், பனி நாள் காலையில் அப்டேட் போடத் தொடங்கி ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். எச்சரிக்கை வந்த அன்று மாலையே வீட்டிலிருந்து ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். தனிநபர் விவரங்கள் உள்ள காகிதக் கோப்புகளை அனுமதியின்றி வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். அதற்குப் பதில் கோப்பில்லாமல் செய்யக்கூடிய வேலைகளாக ஒரு பட்டியல் போட்டு சூப்பர்வைசரின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம்.

‘மூன்று மணி நேரம் முன்னதாகப் புறப்படலாம்’ என்று அறிவித்தால் டைம்ஷீட்டில் எப்படிக் குறிப்பது?
– வாசகர், சில்வர் ஸ்பிரிங்

உங்கள் வேலை நேரம் காலை 9:00 முதல் மாலை 5:30 வரை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 2:30-க்குப் புறப்படலாம். டெலிவொர்க் ஒப்பந்தம் இல்லையென்றால் 2:30 முதல் 5:30 வரை மூன்று மணி நேரமும் வானிலை விடுப்பு. ஒப்பந்தம் இருந்தால் வீடு போய்ச் சேரும் நேரத்துக்கு மட்டும்தான் அந்த விடுப்பு. ஒரு மணி நேரப் பயணம் என்றால் 3:30 வரை. மிச்சமுள்ள இரண்டு மணி நேரத்தை வீட்டிலிருந்து வேலை செய்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் சொந்த விடுப்பைப் போட வேண்டும்.

பனி வலுப்பதைப் பார்த்துப் பயந்து ஒரு மணிக்கே கிளம்பிவிட்டால்? அறிவித்த நேரத்துக்கு முன்பே கிளம்பியவருக்கு அன்றைய மிச்ச நேரம் முழுவதும் சொந்தக் கணக்கில் போகும். மேலே சொன்ன நேரப்படி அது நாலரை மணி நேரம். சலுகை பின்னால் வந்து சேராது.

எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பாமல் அவரவர் வழக்கமான நேரத்திலிருந்து கணக்கிடுவதற்குக் காரணம் இருக்கிறது. 2011 ஜனவரி 26 அன்று மாலை, வீடு திரும்பும் நேரமும் கடும் பனிப்பொழிவும் ஒன்றாகச் சேர்ந்து, வாஷிங்டன் வட்டாரச் சாலைகளில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. காரைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்தவர்களும் உண்டு. அதனால் அறிவிப்பு வந்தால் தயங்காமல் உங்கள் நேரத்துக்குக் கிளம்பிவிடுங்கள். வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்காராதீர்கள்.

காலையில் தாமதமாக வரலாம் என்ற அறிவிப்புக்கும் இதே போன்ற கணக்குத்தான். இரண்டு மணி நேரத் தாமதம் என்றால் எட்டு மணிக்கு வருபவர் பத்துக்குள் வர வேண்டும். 10:40-க்கு வந்தால் அந்த நாற்பது நிமிடம் உங்களுடையது. அன்று டெலிவொர்க் செய்பவர் எட்டுக்கே தொடங்க வேண்டும்.

பள்ளியும் மூடிவிட்டது. நான்கு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு டெலிவொர்க் செய்யலாமா?
– வாசகி, ராக்வில்

குழந்தை வீட்டில் இருப்பது தவறல்ல. அதைக் கவனிக்கும் நேரத்தை வேலை நேரமாகக் காட்டுவதுதான் தவறு. நான்கு வயதுக் குழந்தை எட்டு மணி நேரம் உங்களைத் தனியே விடாது. எனவே வேலை செய்த நேரத்தையும் செய்யாத நேரத்தையும் பிரித்தெழுதி, செய்யாததற்கு ஆண்டு விடுப்புப் போடுங்கள். வேலை நேரத்தைக் காலை ஆறு, மாலை ஏழு என்று பிரித்துக்கொள்ளச் சில நிறுவனங்கள் இடம் தருகின்றன. முதலில் கேளுங்கள், பிறகு செய்யுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் பொறுப்பைக் காலை–மதியம் என்று பங்கிட்டுக்கொள்வது நல்லது.

பொங்கலுக்கு முன்கூட்டியே விடுப்பு எடுத்திருந்தேன். அன்றே அலுவலகமும் மூடல். விடுப்பைத் திரும்பப் பெறலாமா?
– வாசகர், காலேஜ் பார்க்

முடியாது. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற விடுப்பு அப்படியே கழியும். வானிலை விடுப்பை வாங்குவதற்காகவே அதை ரத்து செய்வதையும் விதி அனுமதிப்பதில்லை. தினமும் கூடுதல் நேரம் பார்த்து வேலை நாளைக் குறைத்துக்கொள்ளும் சுருக்கிய வார அட்டவணையில் அந்த மூடல் நாள் உங்களுக்கு ஓய்வு நாளாக இருந்தாலும் மாற்று நாள் கிடையாது.

ஓ.பி.எம். அறிவிப்பு கெய்தர்ஸ்பர்க்கில் உள்ள எங்களையும் கட்டுப்படுத்துமா?

அந்த அறிவிப்பு தலைநகரைச் சுற்றிய பெல்ட்வே சாலைக்குள் இருக்கும் அலுவலகங்களுக்கானது. கெய்தர்ஸ்பர்க், பால்டிமோர் எல்லாம் வெளியே. உங்கள் நிறுவனமே முடிவு செய்யும், ஓ.பி.எம். சொன்னதையே பின்பற்றுகிறோம் என்று அது அறிவித்திருந்தாலொழிய, ஓ.பி.எம். செயலியில் ‘மூடல்’ என்று பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிடாதீர்கள். பள்ளி மூடல் மாவட்டத்தின் முடிவு, இரண்டுக்கும் தொடர்பில்லை.

புயலில் மின்சாரம் போய்விட்டது. டெலிவொர்க் செய்ய முடியவில்லை. என்ன செய்வது?
– வாசகர், பெதஸ்டா

மின்சாரம் போன உடனே, மணியைக் குறிப்பிட்டு, சூப்பர்வைசருக்குத் தகவல் கொடுங்கள். புயலால் வீட்டில் பத்திரமாக வேலை செய்ய முடியாமல் போனால், முடியாத நேரத்துக்கு வானிலை விடுப்புத் தர விதியில் இடமுண்டு. அது நிறுவனத்தின் விருப்புரிமை. மின் நிறுவனத்தின் மின்தடை அறிவிப்பைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்ததும் வேலைக்குத் திரும்ப வேண்டும். அலுவலகம் திறந்திருந்து, சாலையும் சரியாக இருந்தால் அங்கே வரச் சொல்லலாம்.

நான் அரசு ஊழியரல்ல, அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் கான்ட்ராக்டர். எனக்கும் இந்த விடுப்பு உண்டா?
– வாசகர், ஹெர்ண்டன்

இல்லை. நம்மவர்கள் பலர் இந்த நிலையில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வானிலை விடுப்பு ஃபெடரல் ஊழியருக்கு மட்டுமே. உங்கள் நிறுவனத்துக்கும் அரசுக்கும் உள்ள ஒப்பந்தத்தில் மூடல் நாளில் வேறிடத்திலிருந்து வேலை செய்து பில் போட இடமிருக்கிறதா என்பதை உங்கள் மேலாளர் மூலம் ஒப்பந்த அதிகாரியிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மணிக்கணக்குச் சம்பளமென்றால் செய்த மணிக்கு மட்டும்தான் கூலி. மிகைநேர ஊதியத்துக்கு உட்படாத மாதச் சம்பளக்காரர் என்றால், வேலை செய்ய நீங்கள் தயாராக இருந்தும் நிறுவனமே ஓரிரு நாள் மூடியதற்காகச் சம்பளத்தை வெட்ட ஃபெடரல் ஊதியச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் உங்கள் விடுப்பு இருப்பிலிருந்து அந்த நாளைக் கழித்துக்கொள்ளலாம். நிறுவனம் திறந்திருந்து, பனியால் நீங்கள் முழுநாள் வராமல் போனால் அந்த நாள் சம்பளத்தைப் பிடிக்கவும் முடியும்.