ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில்?

கேள்வி: என் மகள் தஞ்சாவூரில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்து நல்ல மார்க் வாங்கியவள். அவளுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. ஃபீஸ், ஃபார்ம், பஸ் பாஸ் எல்லாவற்றையும் அவள் அப்பாவே பார்த்துக்கொள்கிறார். ஆனால் செமினார் என்றாலே காய்ச்சல் என்று படுத்துவிடுகிறாள். கேட்டால், "என்னால முடியாதும்மா." நாங்கள் இன்னும் என்ன செய்ய வேண்டும்?
- ஒரு தாய், நீடாமங்கலம்

பதில்: இன்னும் செய்ய ஒன்றுமில்லை அம்மா, செய்வதில் கொஞ்சம் நிறுத்துங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கில் வருமே, அந்த ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது? அப்பா சட்டைப் பையில் என்றால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

"நீ தைரியமா பேசு கண்ணு" என்று நாம் சொல்வதெல்லாம் ஒரு நாளைக்குத்தான் தாங்கும். ஆல்பர்ட் பாண்டூரா என்ற உளவியலாளர் 1977-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்: 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை பிறர் தைரியம் சொல்லியும் வரும், தன்னைப் போன்ற ஒருத்தி செய்வதைப் பார்த்தும் வரும், ஆனால் எல்லாவற்றையும்விட அழுத்தமாக வருவது தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்தில்தான். உங்கள் மகளுக்கு அந்த அனுபவத்துக்கு இடமே விடவில்லை, பாசத்தில்தான், இல்லை என்று சொல்லவில்லை.

முதலில் கார்டைக் கொடுங்கள். அடுத்த ஃபார்மை அவளே நிரப்பட்டும், தப்பாக எழுதி ஆபீஸில் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், மறுநாள் அவளே திருத்திக் கொண்டுபோய்க் கொடுப்பாள், அப்பா ஃபோனை எடுத்துக்கொண்டு கிளார்க்கிடம் பேசப் போகக் கூடாது. செமினாருக்கு முந்தின நாள் ராத்திரி, நீங்கள் அரிசி களைந்துகொண்டே கேளுங்கள், அவள் அடுப்படி வாசலில் நின்று சொல்லிக் காட்டட்டும். புரியாவிட்டால் "புரியலையே, இன்னொரு தரம் சொல்லு" என்று நிஜமாகவே கேளுங்கள். அப்புறம், சித்தப்பா மகள் சென்னையில் வேலைக்குப் போன கதையைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள்.

நிஜமாகவே காய்ச்சல், தூக்கமின்மை, சாப்பாடு இறங்காதது என்று வாரக்கணக்கில் நீண்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம், இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: இரண்டு பேப்பர் அரியர். அப்பாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.
- மாணவர், கும்பகோணம்

பதில்: உங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் படித்த ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றதில் கோட்டை விட்டு, உதவித்தொகையை இழந்து, 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். வீட்டார் பேப்பரில் 'காணவில்லை' போட வேண்டியதாயிற்று. அவ்வளவு தூரம் போகாதீர்கள் தம்பி. சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்து குளித்து, காபி குடித்த பிறகு சொல்லுங்கள். எந்தப் பேப்பர், மறுபடி எப்போது பரீட்சை, ஃபீஸ் எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். திட்டுவார். திட்டி முடித்ததும் சீட்டை வாங்கிப் பார்ப்பார்.