காது மிஷின்: பழுதா, ஈரமா, அழுக்கா?

காதொலிக் கருவிப் பராமரிப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பல ‘மிஷின் செத்துப்போச்சு’ என்றே ஆரம்பிக்கின்றன. அப்படிச் சொல்லி என் மேசைக்கு வருகிற மிஷின்களில் நிறைய நல்லபடியாகவே இருக்கின்றன. கடைக்குக் கிளம்பும் முன் வீட்டில் பார்த்துவிட வேண்டியதை முதலில் சொல்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற மிஷின். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து காலையில் நன்றாகக் கேட்கிறது, மத்தியானத்துக்கு மேல் அடைத்துக்கொள்கிறது என்கிறார். பேட்டரி மாற்றியும் அப்படியே. புதிதாக வாங்கிவிடச் சொல்கிறார்கள். வாங்கலாமா? – வாசகி, நாகப்பட்டினம்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. காலையில் கேட்டு மத்தியானம் அடைத்தால் முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான். அடுத்த முறை அவர் கேட்கவில்லை என்று சொன்ன உடனே மிஷினைக் கழற்றி, காதுக்குள் பொருந்துகிற அச்சான மோல்டிலிருந்து மிஷினுக்குப் போகிற டியூபை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே கடுகளவு நீர்த்துளி நிற்கும். காதுக்குள் இருக்கிற காற்றில் சூடும் ஈரமும் உண்டு. அது டியூபுக்குள் ஏறிக் குளிர்ந்ததும் துளியாகிவிடுகிறது. டியூபின் துவாரம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். ஒரு துளி போதும், சத்தம் அங்கேயே நின்றுவிடும். ராத்திரி கழற்றி வைத்ததும் காய்கிறது, அதனால் காலையில் கேட்கிறது.

இதற்கென்றே ரப்பர் பந்து வைத்த ஏர் புளோயர் விற்கிறார்கள். காதின் மேல் மாட்டுகிற மிஷினின் கொக்கியிலிருந்து டியூபை மெதுவாக உருவிவிட்டு, டியூபுக்குள் இரண்டு மூன்று தடவை அழுத்துங்கள். துளி வெளியே வந்துவிடும். மாட்டியபடியே ஊதினால் தண்ணீர் மிஷினுக்குள் போகும். வாயால் ஊதவும் வேண்டாம், மூச்சிலேயே ஈரம் இருக்கிறது. டியூப் மஞ்சளாகி விறைத்துப் போயிருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுகிற சாமான்தான் அது, பெரிய செலவில்லை.

இன்னொரு வேலை, ராத்திரிதோறும் செய்ய வேண்டியது. இறுக்கமாக மூடும் சின்ன டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளைப் போட்டு, மிஷினை அதற்குள் வையுங்கள். பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, அதன் கதவைத் திறந்தபடி வைக்க வேண்டும். பேட்டரியும் உள்ளே இருந்தால் அதுவும் காய்ந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால், அல்லது ஆரஞ்சு மணிகள் கரும்பச்சையானால், அவை ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், புதிதாகப் போடுங்கள். கடலோரத்தில் இருக்கிற நீங்கள் மழைக்காலம் என்றில்லாமல் வருஷம் முழுக்க இதைச் செய்வது நல்லது. அரிசிப் பானை வேண்டாம்: மாவுத்தூள் மைக்கில் போய் அடைக்கும். வெயிலும் ஹேர் டிரையரும் மோல்டை நெளித்துவிடும்.

இத்தனையும் செய்து ஒரு வாரம் பார்த்தும் அதே தொந்தரவு என்றால் சர்வீஸுக்குக் கொடுங்கள். பேட்டரி உட்காரும் தகட்டில் பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வியர்வை உப்பு செய்கிற வேலை அது. தொடக்கத்திலேயே பார்த்தால் துடைத்து எடுத்துவிடலாம்.

கேள்வி: மாமியார் சாப்பிட உட்கார்ந்தாலே மிஷின் விசிலடிக்கிறது. சத்தத்தைக் குறைத்தால் நிற்கிறது, ஆனால் அப்புறம் அவருக்குக் கேட்பதில்லை. – வாசகி, ஈரோடு

பதில்: காதுக்குள் போக வேண்டிய சத்தம் மோல்டின் ஓரமாகக் கசிந்து மறுபடி மைக்குக்குள் போகிறது, அந்தச் சுற்றுதான் விசில். மெல்லும்போது தாடை அசைந்து காதுக்குழாயின் வடிவம் மாறுவதால் சாப்பாட்டு நேரத்தில் அதிகமாகும். சத்தத்தைக் குறைத்து விசிலை நிறுத்துவது தீர்வே இல்லை. மிஷின் போட்டும் கேட்காமல் உட்கார்ந்திருக்க அவருக்கு எதற்கு மிஷின்?

மிஷினைக் கழற்றிக் கையில் வைத்து, மோல்டின் துவாரத்தை விரலால் அழுத்தி மூடுங்கள். விசில் நின்றால் மிஷினில் கோளாறில்லை, மோல்டு காதில் சரியாகப் பொருந்தவில்லை. மூடிய பிறகும் விசிலடித்தால் டியூபில் விரிசல், அல்லது மிஷினுக்குள் கசிவு. இதைப் பார்த்துவிட்டுப் போனால் சர்வீஸில் என்ன கேட்பது என்று உங்களுக்கே தெரியும். சமீபத்தில் அவர் உடம்பு இளைத்திருந்தால் புது மோல்டுக்கு அளவெடுக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் காது டாக்டரிடம் காட்டிக் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குறும்பியில் மோதித் திரும்புகிற சத்தமும் விசிலாகும்.

கேள்வி: 312 பேட்டரி நான்கே நாளில் தீர்ந்துவிடுகிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: அப்படி முடிவுகட்ட முடியாது ஐயா. பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய 312 என்பது சின்ன பேட்டரி. உபயோகத்தைப் பொறுத்து 3 முதல் 10 நாள் வரை வரும். ஆரஞ்சு 13, நீல 675 இரண்டும் அதைவிடப் பெரியவை, கூடுதல் நாள் உழைக்கும். போன் பேச்சும் பாட்டும் நேராக மிஷினில் கேட்பவர் என்றால் நான்கு நாள் என்பதில் ஆச்சரியமில்லை.

இவை ஜிங்க் ஏர் பேட்டரிகள். ஸ்டிக்கரை உரித்ததும் மேலே இருக்கிற நுண்துளை வழியாகக் காற்று போய்த்தான் வேலை ஆரம்பமாகும். ஆகவே உரித்த கையோடு மிஷினுக்குள் போடாமல், ஒரு நிமிஷமாவது காற்றாட வைத்துப் போடுங்கள். உரித்ததை மறுபடி ஒட்டி வைத்தால் மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள், ஆரம்பித்தது நிற்காது. ஃப்ரிட்ஜில் வைப்பதும் வேண்டாம், எடுக்கும்போது வியர்த்துவிடும். அட்டையில் தேதி பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் தீர்ந்த பேட்டரியைக்கூட மேசையில் விடாதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தொண்டையில் சிக்கினால் சில மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும்.

கேள்வி: காதில் தேங்காய் எண்ணெய் விட்டால் மிஷின் சுலபமாக நுழைகிறது. விடலாமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடாது. எண்ணெய் ஒலித்துவாரத்தை அடைக்கும். பவுடரும் அப்படித்தான், மைக்கின் துளை ஊசிமுனை அளவுதான் இருக்கும். தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், தலை சீவுவது எல்லாம் முடிந்து கையைத் துடைத்த பிறகு மிஷினை எடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இரண்டு காதுக்கும் மிஷின் கிடைத்தது. கொஞ்ச நாளாகக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று டீச்சர் சொல்கிறார். பாப்பாவைக் கேட்டால் ‘கேக்குது’ என்கிறாள். – ஒரு தாய், விழுப்புரம்

பதில்: இந்தக் கடிதத்துக்காகவே இந்த மாதம் இடம் கூட்டிக் கேட்டு வாங்கினேன். மிஷின் மெல்ல மெல்ல மங்கினால், அதைப் போட்டிருக்கிறவருக்குத்தான் கடைசியில் தெரியும். பெரியவர்களுக்கே அப்படி. நான்கு வயதுக் குழந்தைக்கு ‘சரியாகக் கேட்பது’ எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுச் சொல்லத் தெரியாது. பாப்பா பொய் சொல்லவில்லை. அவளுக்காக நீங்கள் கேட்க வேண்டும்.

ஸ்டெத்தோகிளிப் என்று ஒரு குழாய் இருக்கிறது. இரண்டு முனையை உங்கள் காதில் மாட்டிக்கொண்டு, மறுமுனையில் மிஷினைப் பொருத்திக் கேட்பது. சத்தத்தைக் குறைந்த அளவில் வைத்துத் தொடங்குங்கள். குழந்தைக்கு வைத்திருக்கிற சத்தம் நம் காதுக்குத் தாங்காது. மிஷின் நன்றாக இருக்கும்போதே கேட்டுப் பழகுங்கள். பிறகு கரகரப்பு, விட்டுவிட்டு வருவது, அடைத்த குரல் எல்லாம் உங்கள் காதுக்கே பிடிபடும். தினமும் காலையில் பள்ளிக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டியது இது.

அடுத்தது பாப்பாவுடன் விளையாட்டாகச் செய்வது. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் – காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு கற்பித்த டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகள். பேச்சில் வருகிற தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலி வரை இந்த ஆறுக்குள் அடக்கம். பாப்பாவுக்குப் பின்பக்கமாக உட்கார்ந்து, உங்கள் வாய் தெரியாதபடி, சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டதும் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். வரிசையையும் இடைவெளியையும் மாற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் கணக்குப் போட்டுவிடுவாள். ஒரு காது மிஷினை மட்டும் போட்டு ஒருமுறை, மற்றதைப் போட்டு ஒருமுறை. சிவப்புக் குறி வலது, நீலம் இடது. நேற்று ‘ஸ்’ஸுக்குக் கொட்டை போட்டவள் இன்று போடவில்லை என்றால் டியூபையும் பேட்டரியையும் பாருங்கள், பிறகும் மாறாவிட்டால் அன்றைக்கே கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்டிடம் அழைத்துப் போங்கள்.

இரண்டு மிஷினும் நன்றாகவே இருந்தால் மோல்டு சின்னதாகியிருக்கலாம். வளர்கிற காது, சில மாதங்களிலேயே மோல்டு போதாமல் போகும். காதில் சளி நீர் கட்டியிருந்தாலும் திடீரென்று கேட்பது குறையும், அதைக் காது டாக்டர்தான் பார்க்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். பேச்சு கற்கிற வயது இது, கேட்காமல் போன வாரங்களை அவளால் திரும்பப் பெற முடியாது.

கேள்வி: சட்டைப்பையில் இருந்த மிஷின் துணியோடு வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. – வாசகர், சேலம்

பதில்: போட்டுப் பார்க்காதீர்கள். பேட்டரியை எடுத்து எறிந்துவிட்டு, துணியால் ஒற்றி, கதவு திறந்தபடி சிலிகா ஜெல் டப்பாவில் இரண்டு நாள் வைத்துவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். சார்ஜ் ஏற்றுகிற மாடல் என்றால் அணைத்துவிட்டு அப்படியே கொண்டுபோக வேண்டும், சார்ஜரில் வைக்கவே கூடாது.

கேள்வி: ஆறு வருஷ மிஷின். ரிப்பேருக்குப் புது மிஷின் விலையில் பாதி கேட்கிறார்கள். என்ன கோளாறு என்றால் ‘போர்டு போயிடுச்சு’ என்பதற்கு மேல் சொல்லவில்லை. – ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

பதில்: என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றுகிறார்கள், மாற்றிய பாகத்துக்கு எத்தனை மாத உத்தரவாதம் – மூன்றையும் எழுதி வாங்காமல் பணம் கட்டாதீர்கள் ஐயா. எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் மிஷினைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் காட்டுங்கள். ஸ்பீக்கர் காதுக்குள் இருக்கிற மாடல் என்றால், ரிசீவர் எனப்படும் அந்த ஸ்பீக்கரை ஒயரோடு மட்டும் உங்கள் கண்முன்னேயே சில நிமிஷத்தில் மாற்றிப் பார்க்கலாம். அதன் முனையில் குறும்பி உள்ளே போகாமல் தடுக்கிற வேக்ஸ் கார்டு அடைத்திருந்தாலே மிஷின் ஊமையாகிவிடும். அதை மாற்றிப் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

உண்மையிலேயே போர்டுதான் என்றால், ஆறு வருஷ மிஷினுக்குப் பாதி விலை கொடுக்க நான் சொல்ல மாட்டேன். தயாரிப்பு நின்ற மாடலுக்குக் கொஞ்ச வருஷத்தில் உதிரிபாகமும் நின்றுவிடும். அடுத்த பழுதுக்கு வழியிருக்காது. எதை முடிவு செய்யும் முன்பும் புதிதாக ஆடியோகிராம், அதாவது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை வரைபடம், எடுங்கள். ஆறு வருஷத்தில் உங்கள் காதும் மாறியிருக்கும். ரிப்பேர் செய்வதாக இருந்தால் அந்தப் புது ஆடியோகிராமுக்குத் தக்கபடி மறுபடி புரோகிராம் செய்து, மிஷினின் சத்தத்தை அளக்கிற டெஸ்ட் பாக்ஸில் வைத்து அளந்த தாளோடு தரச் சொல்லுங்கள். அதுவரை போட்டுக்கொள்ள மாற்று மிஷின் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பல இடங்களில் கொடுப்பார்கள்.