கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் இதயத்துடிப்பு தாறுமாறாகுமா?

கேள்வி: "இதயச் செல்லுக்குள் கால்சியம் கசிந்தால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து என்று படித்தேன். எலும்புத் தேய்மானத்துக்காகக் கால்சியம் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். நிறுத்திவிடலாமா?"

நிறுத்த வேண்டாம். நீங்கள் படித்த கசிவு உண்மையில் நடப்பதுதான். ஆனால் அது மாத்திரையிலிருந்து வரும் கால்சியம் மிகுந்துபோவதால் நடப்பதில்லை. என் சித்தியும் இதே போன்ற ஏதோ ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டு மாத்திரையோடு பாலையும் மோரையும் சேர்த்தே ஒதுக்கிவைத்தார். அவருக்கு விளக்கியதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பிக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வு எலியின் இதயத் தசைச் செல்களைப் பற்றியது. ஆகவே பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால்சியம் இல்லாமல் இதயம் துடிக்காது. இது 1880-களிலேயே தெரிந்துவிட்டது. லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரில் கலந்த கரைசலில் இதயம் நெடுநேரம் துடித்தது. காய்ச்சி வடித்த நீரில் கலந்ததும் சீக்கிரமே ஓய்ந்துபோனது. லண்டன் குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணச் சத்துதான் வேறுபாட்டுக்குக் காரணம் என்று 1883-இல் எழுதினார்.

இதயச் செல்லுக்கு வெளியே கால்சியம் ஏராளமாக இருக்கிறது. உள்ளே, இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட ஓய்வு நேரத்தில், வெளியே இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இந்த வேறுபாட்டைக் காப்பதற்காகச் செல் ஓயாமல் ஆற்றலைச் செலவழிக்கிறது. மின்தூண்டல் வந்ததும் செல் சவ்வில் இருக்கும் கால்சியக் கால்வாய்கள் திறந்து கொஞ்சம் கால்சியத்தை உள்ளே விடுகின்றன. செல்லைச் சுருக்க அது மட்டும் போதாது. செல்லுக்குள்ளேயே ஒரு கிடங்கு இருக்கிறது. சார்க்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்பது அதன் நாவைச் சுளுக்கும் பெயர். உள்ளே வந்த கொஞ்சம் கால்சியம் இந்தக் கிடங்கின் சுவரில் உள்ள ரயனோடின் ஏற்பிகள் என்ற வாயில்களைத் திறந்துவிடுகிறது. அங்கே சேர்த்துவைத்த கால்சியம் கொட்டுகிறது, செல்லுக்குள் அதன் அளவு பத்து மடங்காகிறது, தசை சுருங்குகிறது.

பாடநூல்கள் பெரும்பாலும் சுருங்குவதோடு சுவாரசியத்தை முடித்துக்கொள்கின்றன. என்னைக் கேட்டால், விவகாரமே அதன் பிறகுதான் தொடங்குகிறது. கொட்டிய கால்சியத்தை அடுத்த துடிப்புக்குள் அள்ளி முடிக்க வேண்டும், அதுவும் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை. மனித இதயத்தில் சுமார் 70 சதவீதத்தை செர்க்கா என்ற பம்ப் கிடங்குக்கே திருப்பி ஏற்றுகிறது. மீதியில் பெரும்பகுதியைச் சோடியம்–கால்சியப் பரிமாற்றி செல்லுக்கு வெளியே தள்ளுகிறது. (எலியில் 90 சதவீதத்துக்கு மேல் கிடங்குக்கே போகிறது. நிமிடத்துக்கு 300 முறைக்கு மேல் துடிக்கும் பிராணி அது. எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்தும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.)

அந்தப் பரிமாற்றியைக் கவனியுங்கள், கசிவின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. ஒரு கால்சியம் அயனியை வெளியே தள்ள அது மூன்று சோடியம் அயனிகளை உள்ளே விடுகிறது. கால்சியத்துக்கு இரண்டு நேர்மின்னூட்டம், சோடியத்துக்கு ஒன்று. இரண்டு வெளியே போக மூன்று உள்ளே வருவதால், ஒவ்வொரு முறையும் செல்லுக்குள் ஒரு நேர்மின்னூட்டம் கூடுகிறது. வழக்கமான துடிப்பில் இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் செல் ஓய்வில் இருக்க வேண்டிய நேரத்தில் கிடங்கிலிருந்து கால்சியம் தானாகக் கசிந்தால், பரிமாற்றி அதையும் வெளியே தள்ளப் பார்க்கும். தள்ளத் தள்ளச் செல்லின் மின்னழுத்தம் ஏறும். ஓர் எல்லையைத் தாண்டினால், யாரும் கேட்காத ஒரு துடிப்பு பிறந்துவிடும். இத்தகைய துடிப்புகள் தொடர்ந்தாற்போல் வந்தால் அதுவே தாறுமாறான வேகத்துடிப்பாகிறது. கால்சியத்தின் மொத்த அளவைவிட, அது எந்த நொடியில் வெளிப்படுகிறது என்பதே இங்கே பெரிது.

ஆரோக்கியமான செல்லிலும் ஓய்வு நேரத்தில் சிறு கசிவுகள் உண்டு. 1993-இல் செங், லெடரர், கேனல் மூவரும் இவற்றைப் படம்பிடித்துக் கால்சியத் தீப்பொறிகள் என்று பெயரிட்டார்கள். கால்சியத்தைக் கண்டால் ஒளிரும் சாயத்தை ஏற்றிய செல்லை லேசர் நுண்ணோக்கியில் வைத்தால், கருந்திரையில் பச்சைப் புள்ளிகள் மின்னி மறைவதைப் பார்க்கலாம். ஆய்வுக்கூடத்தில் அட்ரினலினைப் போல் வேலை செய்யும் மருந்தைச் சில செல்களின் மேல் விட்டதும், தனித்தனியாக மின்னியவை ஒன்றையொன்று தூண்டி, செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலையாகப் பாய்வதைப் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன வேண்டாத துடிப்பைக் கிளப்புவது இந்த அலைதான்.

மனிதரில் இதைத் துல்லியமாகக் காட்டும் நோய் ஒன்று இருக்கிறது. கேட்டகாலமினெர்ஜிக் பாலிமார்பிக் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா என்று பெயர், சுருக்கமாக சி.பி.வி.டி. பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது மதிப்பீடு. பெரும்பாலானோருக்கு ரயனோடின் ஏற்பிக்கான மரபணுவில் பிழை இருக்கிறது. இது தெரியவந்தது 2001-இல். படுத்திருக்கும்போது எடுத்த இசிஜி சரியாக இருக்கும். எக்கோவிலும் இதயத்தின் அமைப்பில் குறை தெரியாது. ஓடும்போதோ நீந்தும்போதோ பயந்து திடுக்கிடும்போதோ அட்ரினலின் சுரக்கும். அது கிடங்கை மேலும் நிரப்பும், ஏற்பிகள் திறப்பதையும் எளிதாக்கும். பழுதான மதகுள்ள ஏரிக்குப் பெருமழை வந்த கதைதான். பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழும். சில சமயம் கைகால் வெட்டி இழுக்கும்.

இழுப்பைப் பார்த்ததும் வலிப்பு நோய் என்று முடிவு கட்டுவதுதான் நடக்கிறது. இசிஜி சரியாக இருப்பதால் இதயத்தின் மேல் சந்தேகமே எழுவதில்லை. வலிப்பு மாத்திரை ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஓட்டத்திலோ நீச்சலிலோ அதிர்ச்சியிலோ மயங்கி விழுந்த பிள்ளைக்கு, படுக்கவைத்து எடுத்த இசிஜி சரியாக இருக்கிறது என்ற பதிலோடு வீடு திரும்பாதீர்கள். டிரெட்மில் சோதனை வேண்டும், இதய மருத்துவரின் மேற்பார்வையில். வேகம் கூடக் கூட வேண்டாத துடிப்புகள் ஒன்றிரண்டாகத் தலைகாட்டிப் பெருகும். சிலருக்கு இசிஜி அலை ஒன்று மேல்நோக்கியும் அடுத்தது கீழ்நோக்கியும் மாறி மாறி வரும். குடும்பத்தில் இளம் வயதில் காரணம் தெரியாமல் இறந்தவர்கள், நீரில் மூழ்கி இறந்த நல்ல நீச்சல்காரர்கள் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு ரயனோடின் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. கிடங்குக்குள் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் கால்சீக்வெஸ்ட்ரின் புரதத்தின் பிழை வேறு வகை. இஸ்ரேலில் பெதுவின் என்ற அரபுப் பழங்குடிக் குடும்பங்களில் 2001-இல் கண்டறியப்பட்ட அது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் பொதுவாக நோயாகும். நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் நம் குடும்பங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சிகிச்சை இருக்கிறது. முதலில் அட்ரினலினை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர். நடோலால் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. அது போதாதபோது பிளெக்கைனைடு சேர்க்கிறார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் இறப்பு கூடியதால் 1989-இல் கெட்ட பெயர் எடுத்த மருந்து இது. சி.பி.வி.டி.க்கு உதவுகிறது என்று 2009-இல் தெரிந்தது. எப்படி உதவுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. மார்பின் இடப்புறம் இதயத்துக்குப் போகும் நரம்பைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் ஐசிடி கருவியை மட்டும் எச்சரிக்கையோடுதான் பொருத்துவார்கள். அதன் அதிர்ச்சியே அட்ரினலினைக் கிளப்பி மறுபடியும் துடிப்பைக் கெடுத்துவிடக்கூடும்.

மரபணுவில் பிழை இல்லாமலும் இதே வழியில் இதயம் கெடலாம். இதய நோய்க்குக் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரை அளவு மீறினாலும், மஞ்சள் அரளியின் நஞ்சு உடலில் சேர்ந்தாலும் செல்லுக்குள் சோடியம் தேங்குகிறது. அதனால் பரிமாற்றியால் கால்சியத்தை முன்போல் வெளியே தள்ள முடிவதில்லை, கிடங்கு நிரம்பி வழிகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடக்கிலும் அவசரப் பிரிவில் பணியாற்றியவர்களுக்கு அரளி நஞ்சு நன்றாகத் தெரியும்.

இனி உங்கள் மாத்திரை. இரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் நிற்கிறது. பாராதைராய்டு ஹார்மோன் அதைப் பார்த்துக்கொள்கிறது. மருத்துவர் சொன்ன அளவில் நீங்கள் விழுங்கும் மாத்திரை அந்த எல்லையைத் தாண்ட வைப்பது அரிது. இரத்தக் கால்சியம் உண்மையிலேயே மிகவும் கூடினாலோ குறைந்தாலோ, உதாரணமாகத் தைராய்டு அறுவைக்குப் பின் குறைந்தால், இசிஜி மாறும், துடிப்பும் கெடலாம். அதை ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். சிறுநீரகக் கோளாறு, சிறுநீரகக் கல், பாராதைராய்டு கோளாறு இருப்பவர்களும், டிஜாக்சின் எடுப்பவர்களும், வைட்டமின் டி ஊசியைத் தாமாகவே அடிக்கடி போட்டுக்கொள்பவர்களும் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சித்தி எடுப்பது அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையும்கூட. "கால்சியத்தைத் தடுக்கும் மாத்திரை" என்று யாரோ சொன்னதும் அந்த வாட்ஸ்அப் செய்தியோடு சேர்ந்துகொண்டதால்தான் அவர் பாலை நிறுத்தியிருந்தார். அம்லோடிபின் இரத்தக்குழாய்த் தசைச் செல்களின் சவ்வில் உள்ள கால்வாய்களைத்தான் மட்டுப்படுத்துகிறது. தம்ளரில் இருக்கும் பாலோடு அதற்குப் பகை எதுவுமில்லை. இப்போது மோர் குடிக்கிறார். பால் வேண்டாமாம், வாயு என்கிறார்.