வழிகாட்டி இல்லாமல் ஜார்ஜ் டவுன்: பினாங்கு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி (திருச்சி வாசகர்): பினாங்கில் ஒரே ஒரு பகல்தான் தங்குகிறோம். வழிகாட்டி வைக்காமல் பழைய நகரை நடந்தே பார்க்க முடியுமா? எங்கே தொடங்குவது?

தாராளமாக முடியும். பழைய நகரான ஜார்ஜ் டவுனில் மொத்த நடை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர்தான். நின்று பார்க்கிற நேரத்தையும் சேர்த்து நாலரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். மலேசிய நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. பினாங்குத் தீவோ அந்த நேரக் கணக்குக்கு மிகவும் மேற்கே கிடக்கிறது. அதனால் பொழுது விடிய ஏழு, ஏழரை ஆகிவிடும். சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகால் வாக்கில்தான். ஊரில் கிளம்புவதுபோல ஐந்தரைக்கே கிளம்பினால் இருட்டில் பூட்டிய கதவுகளைத்தான் பார்ப்பீர்கள். ஏழே முக்காலுக்குத் தொடங்குங்கள்.

தொடக்கப் புள்ளி, கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகே நிற்கும் மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணியின் அறுபது ஆண்டு ஆட்சிக்கு ஆண்டுக்கு ஓரடி என்று அறுபது அடி உயரத்தில் கட்டியது. பணம் கொடுத்தவர் சீனச் செல்வந்தர் சியா சென் ஈயோக். உற்றுப் பார்த்தால் சற்றே சாய்ந்திருப்பது தெரியும். இரண்டாம் உலகப்போரில் விழுந்த குண்டுகளின் வேலை அது. அங்கிருந்து லைட் தெருவில் மேற்கே நடந்தால் 1818-இல் கட்டி முடித்த புனித ஜார்ஜ் தேவாலயம் வரும். முதலில் அதற்குத் தட்டைக் கூரைதான் போட்டார்கள். இந்த ஊர் மழைக்கு அது தாங்காததால் 1864-இல் சரிவுக் கூரையாக மாற்றினார்கள். கதவு பூட்டியிருந்தால் கவலை வேண்டாம், வெளியிலிருந்தே பார்க்கத் தக்க கட்டடம்தான்.

இனி தெற்கே திரும்பி மஸ்ஜித் கபித்தான் கெலிங் சாலையில் இறங்குங்கள். பழைய பெயர் பிட் தெரு. காலையில் இடது கைப் பக்கமாகவே நடந்தால் கிழக்கு வரிசைக் கட்டடங்களின் நிழல் உங்களுக்குக் கிடைக்கும். வலப்பக்கம் சீனரின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில். ஊதுவத்திப் புகை கண்ணைக் கரிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் முற்றத்தோடு நின்றுகொள்ளலாம். வாசலில் நின்று திரும்பிப் பாருங்கள்: எதிரே சீனத் தெரு நேராகத் துறைமுகத்தை நோக்கி ஓடும். கடலிலிருந்து இறங்கியவன் முதலில் தொழ வந்த இடம் இது என்பது அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும்.

அடுத்ததில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மகாமாரியம்மன் கோயில் இந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கிறது, ஆனால் இங்கே தெரிவது அதன் பின்புறம். கோபுர வாசல் கிழக்கு நோக்கி, குயின் தெருவில் இருக்கிறது. ஆகவே லெபோ பாசாரில், அதாவது கடைத்தெருவில், இடப்பக்கம் திரும்பி, அடுத்து வரும் குயின் தெருவில் வலப்பக்கம் திரும்புங்கள். 1833-இல் எழுந்த கோயில். நண்பகலில் நடை சாத்துவார்கள், மாலையில்தான் திறப்பார்கள். மேலும் காலை வெயில் கோபுரத்தின் முகத்தில் நேராக விழும்; படம் எடுப்பவர்களுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை.

அதே தெருவில் தெற்கே போனால் சூலியா தெரு. சூலியா என்பது தமிழ் முஸ்லிம்களுக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர். இடப்பக்கம் ஓர் எட்டு வைத்தால் கிங் தெரு முனையில் நாகூர் தர்கா. ஆண்டவர் அடங்கியிருப்பது நம் நாகூரில்தான். இங்கிருப்பது அவர் நினைவாகக் கடல் கடந்தவர்கள் எழுப்பியது. சுவரோடு ஒட்டிய சிறு கடைகள் மறைப்பதால் தாண்டிப் போய்விட வாய்ப்புண்டு, மேலே மினார்களைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

சூலியா தெருவிலேயே மேற்கே திரும்பி வந்தால் கபித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801-இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மைதீன் தொடங்கியது. இன்று கண்ணைப் பறிக்கும் முகலாயக் குவிமாடங்கள் இருபதாம் நூற்றாண்டில் சேர்ந்தவை. தொழுகை நேரம் தவிர்த்து மற்றவர்களையும் உள்ளே விடுவார்கள். மேலங்கி அங்கேயே தருவார்கள். நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு ஒன்றேகால், ஒன்றரைக்கு வரும் என்பதால் பத்தரை, பதினொன்றுக்குள் அங்கே இருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் நண்பகலிலிருந்து மூன்று மணி வரை உள்ளே போக நினைக்க வேண்டாம்.

மஸ்ஜித் கபித்தான் கெலிங் சாலையே தெற்கே கேனன் தெருவாக மாறும். 1867 ஆகஸ்டில் பத்து நாள் நடந்த கலவரத்தில் பீரங்கிக் குண்டு பட்ட நினைவில் வந்த பெயர். அந்தச் சண்டையைச் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் நடந்ததாக நினைத்துவிடாதீர்கள். கீ ஹின் என்ற சீனச் சங்கத்தோடு வெள்ளைக்கொடி என்ற முஸ்லிம் சங்கத்தார் சேர்ந்தார்கள், எதிரணியான தோ பெ காங் என்ற சீனச் சங்கத்தோடு செங்கொடி என்ற முஸ்லிம் சங்கத்தார் சேர்ந்தார்கள். இங்கே கட்சி பிரிந்தது தொழிலையும் தெருவையும் வைத்து. அருகில்தான் கூ கொங்சி, கூ குலத்தாரின் மன்றம். வாசல் சந்து மிகக் குறுகல். பகைவர் கூட்டமாக நுழைய முடியாதபடி வைத்தது. 1901-இல் எரிந்துபோய் 1906-இல் மீண்டும் எழுந்தது. கூரை உருவங்களில் பளபளப்பவை பீங்கான் கிண்ணங்களை உடைத்து ஒட்டிய சில்லுகள். வாசலில் நிற்கும் கல் காவலர்களின் தலைப்பாகையைக் கவனியுங்கள்: சீக்கியர்கள்! கட்டணம் கட்டி நுழைகிற இடங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் என்றால் இதற்குக் கொடுங்கள்.

பக்கத்தில் லெபோ ஆச்சே பள்ளிவாசல், 1808. மினார் எண்கோணம். மக்கா செல்லும் ஹாஜிகள் கப்பலுக்குக் காத்திருந்த தெரு இது. பிறகு ஆர்மீனியன் தெரு வழியாகக் கிழக்கே இறங்கி, கடலோரச் சாலையைக் கடந்தால் சியூ குலத்தின் மரப்படகுத்துறை. அங்கே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை வாசகி): தெருப் பலகைகளில் ஜாலான், லெபோ, லோரோங், காட் என்று வருகிறதே, என்ன பொருள்?

ஜாலான் சாலை, லெபோ தெரு, லோரோங் சந்து. காட் என்பது வடக்கே கங்கைக் கரையில் சொல்லும் அதே காட், படித்துறை. கடற்கரைத் தெரு என்று இன்றும் பெயர் தாங்கிய லெபோ பாந்தாய் ஒரு காலத்தில் உண்மையிலேயே கரையில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலைத் தூர்த்து முன்னே போனார்கள். தூர்த்த மண்ணில் நீண்ட தெருக்களின் பெயர்களுக்கு முன்னே காட் வந்து ஒட்டிக்கொண்டது. எனவே பலகையில் காட் என்று கண்டால் நீங்கள் பழைய கடலின்மேல் நிற்கிறீர்கள். பழைய ஆங்கிலப் பெயரும் மலாய்ப் பெயரும் இரண்டுமே புழக்கத்தில் இருப்பதால் வரைபடத்தில் இரண்டையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிட் தெரு என்று கேட்டால் முதியவர்கள் காட்டுவார்கள், கைப்பேசிக்குப் புதிய பெயர்தான் புரியும்.

கெலிங் என்பது தென்னிந்தியரைக் குறித்த பழைய சொல். இன்று ஒருவரை நேரில் அப்படி அழைத்தால் வசை. பள்ளிவாசல் பெயரில் மட்டும் மரியாதையோடு நிற்கிறது.

கேள்வி (சென்னை வாசகர்): சுவரோவியங்களைத் தேடித் தேடிப் பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. சைக்கிளில் இரு குழந்தைகள் என்ற அந்தப் பெயர்பெற்ற ஓவியம் 2012-இல் வரைந்தது. அதன்முன் படம் எடுக்க வரிசையில் நிற்கிற நேரத்தில் அது இருக்கும் ஆர்மீனியன் தெருவின் கடைவீடுகளைப் பார்க்கலாம். வழியில் தென்பட்டால் பாருங்கள், போதும்.

கடைவீடுகள்தான் இந்த ஊரின் சாரம். முகப்பு குறுகல், உள்ளே நீளம், நடுவில் நம் செட்டிநாட்டு வீட்டைப்போல வானம் பார்த்த முற்றம். மாடி தாழ்ந்து, அலங்காரமின்றி மரச்சன்னல்கள் வரிசையாக இருந்தால் மிகப் பழையது. சுதைப் பூவேலையும் வண்ண ஓடும் ஆளுயரச் சன்னலும் இருந்தால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். நேர்கோடுகளும் நெற்றியில் கொடிக்கம்பமும் என்றால் 1930-களோ அதற்குப் பின்னோ. சில சுவர்களில் பூச்சு கொப்பளித்து உப்புப் பூத்திருக்கும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைப் பூசியதன் விளைவு அது: தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சைத் தள்ளுகிறது. நீல மாளிகை என்று பெயர்பெற்ற சியோங் ஃபாட் சே வீட்டின் நிறமும் சுண்ணாம்பில் கலந்த அவுரி நீலம்தான். ஆனால் அது இப்போது விடுதி, குறித்த நேரத்தில் அவர்களே அழைத்துச் சென்று காட்டுவதுண்டு.

இத்தனை பழைய வீடுகள் எப்படி மிஞ்சின? வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை இடித்துக் கட்டுவதில் லாபமில்லை. 2000-ஆம் ஆண்டில் கட்டுப்பாடு நீங்கியதும் வாடகை ஏறி, தலைமுறையாய் இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் மலாக்காவோடு சேர்ந்தபின் காபிக் கடைகள் பெருகின. காபி நன்றாகத்தான் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி (ஈரோடு வாசகி): எழுபது வயது பெற்றோரை அழைத்துப் போகலாமா? என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

அழைத்துப் போகலாம், முழு வழியையும் நடக்க வைக்க வேண்டாம். கடைகளின் முன்னே ஓடும் ஐந்தடிப் பாதை நிழலாக இருந்தாலும் வீட்டுக்கு வீடு மட்டம் மாறும். நடுவில் மோட்டார் சைக்கிளும் சரக்குப் பெட்டியும் மறிக்கும். ஒவ்வொரு முறையும் சாக்கடைப் பலகையைத் தாண்டிச் சாலையில் இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுதான் சோதனை. சக்கர நாற்காலி செல்லாது. குவான் யின் கோயிலிலிருந்து கபித்தான் கெலிங் பள்ளிவாசல் வரை நடக்கவிட்டு, மற்ற இடங்களுக்குப் படகுத்துறையிலிருந்து சுற்றி வரும் இலவச கேட் பேருந்தையோ பெச்சா என்னும் மூன்று சக்கர வண்டியையோ பிடியுங்கள். பெச்சாக்காரரிடம் ஏறுமுன்பே, ஆளுக்கா வண்டிக்கா, எத்தனை மணி நேரம் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், குடை, வார் இல்லாத செருப்பு. வழியில் நான்கு ஐந்து இடங்களில் கழற்ற வேண்டும். வெயிலேறிய தளத்தில் வெறுங்கால் சுடும், ஒரு ஜோடி காலுறை பையில் இருக்கட்டும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம்.

கேள்வி (நாகை வாசகர்): நாசி கண்டார் நம்மவர்கள் கொண்டுபோனதா?

ஆமாம், தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு. நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடித் தண்டு. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு வைத்துத் தெருவில் விற்றார்கள். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்ல 'பஞ்சிர்' என்றால் போதும், வெள்ளம் என்று பொருள். தட்டில் ஏறும் துண்டுக்குத் துண்டு விலை. இறால், கணவாய், மீன்தலை ஆகியவற்றில்தான் பில் எகிறும், வைக்குமுன் விலை கேளுங்கள்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): தைப்பூசத்தன்று போனால் இந்த நடை சாத்தியமா?

முந்தைய நாள் காலையில் செட்டியார்களின் வெள்ளி ரதம் பினாங்கு தெருக் கோயில் வீட்டிலிருந்து கிளம்பும். 2017 முதல் குயின் தெருவிலிருந்து தங்க ரதமும் உண்டு. அந்த இரண்டு தெருக்களும் சிதறு தேங்காயால் நிறைந்திருக்கும். ஓட்டுச் சில்லுகள் காலைக் கிழிக்கும், அன்று மட்டும் மூடிய காலணி அணிந்து வாருங்கள். கட்டடம் பார்க்கும் எண்ணமிருந்தால் பூசம் முடிந்து இரண்டு நாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.