தம்பியைத் திருடன் என்று காட்டிய சேனல்: எங்கே முறையிடுவது?

கேள்வி: எங்கள் ஊரில் நடந்த நகைத் திருட்டு தொடர்பாக என் தம்பியை (வயது 24) காவல் நிலையத்துக்கு அழைத்து விசாரித்துவிட்டு, அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். முதல் தகவல் அறிக்கையில் அவன் பெயர் இல்லை. ஆனால் ஒரு செயற்கைக்கோள் செய்தி சேனல், அவனுடைய முகநூல் படத்தைக் காட்டி 'திருட்டுக் கும்பலின் தலைவன்' என்று மூன்று முறை ஒளிபரப்பியது. யூடியூபிலும் அவர்களுடைய இணையதளத்திலும் அது இன்னும் இருக்கிறது. நிச்சயமான திருமணம் நின்றுபோனது. 10 நாளாகப் போன் செய்கிறேன், பலனில்லை. பிரஸ் கவுன்சிலுக்கு எழுதலாமா? கலெக்டரிடம் மனு கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. விசாரணைக்கு அழைக்கப்பட்டவர் குற்றவாளி அல்லர் என்பது செய்தி ஆசிரியர்களுக்குத் தெரியாததல்ல.

பிரஸ் கவுன்சிலுக்கு எழுத வேண்டாம். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் அதிகாரம் செய்தித்தாள்களுக்கும் இதழ்களுக்கும் செய்தி முகமைகளுக்கும் மட்டுமே. உள்ளூர் கேபிள் சேனல் என்றால் கலெக்டரிடம் போகலாம். செயற்கைக்கோள் சேனலுக்கு வழி வேறு.

அந்த வழி, கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021 ஜூனில் சேர்க்கப்பட்ட மூன்றடுக்கு முறை. முதலில் சேனலுக்கே எழுத்தில் புகார் செய்ய வேண்டும். போனில் பேசியது கணக்கில் வராது. புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் 15 நாளுக்குள் முடிவும் தர வேண்டியது அவர்கள் கடமை. தராவிட்டாலோ, தந்த முடிவு திருப்தியில்லை என்றாலோ, அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு (சேனல்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்டது) மேல்முறையீடு செய்யலாம். மூன்றாவது படி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்.

புகாரில் 'மனம் புண்பட்டது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதே கேபிள் விதிகளில் நிகழ்ச்சி நெறிகளைச் சொல்லும் 6ஆம் விதியைக் குறிப்பிடுங்கள். அவதூறும் அரை உண்மையும் கூடாது என்கிறது 6(1)(டி). தனிமனிதரை இழிவுபடுத்தக் கூடாது என்கிறது 6(1)(ஐ). தம்பிக்கு நேர்ந்தது இந்த இரண்டிலும் அடங்கும். புகாரில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

சில சேனல்கள் என்.பி.டி.எஸ்.ஏ. எனப்படும் செய்தி ஒளிபரப்பாளர்களின் தர ஆணையத்தின் கீழ் வருகின்றன. இதுவும் ஒரு சுயக் கட்டுப்பாட்டு அமைப்புதான். அதன் சொந்த விதிப்படி, ஒளிபரப்பான 7 நாளுக்குள் சேனலுக்குப் புகார் போயிருக்க வேண்டும். உங்களுக்கு அந்த நாள் கடந்துவிட்டது. ஆகவே, தாமதத்தை மன்னிக்கக் கோரி, போன் செய்த தேதிகளை எல்லாம் குறித்து ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.

இந்த அமைப்புகளால் கண்டிக்கவும் மன்னிப்பு ஒளிபரப்பச் சொல்லவும் முடியும். உங்களுக்கு நஷ்ட ஈடு வாங்கித் தர முடியாது. செய்திச் சேனல்களுக்கான 1 லட்சம் ரூபாய் அபராத உச்சவரம்பு போதுமா என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கேள்வி எழுப்பியது. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனாலும் 'சேனலை மூடுங்கள்' என்று அமைச்சகத்துக்கு எழுத வேண்டாம் என்பேன். செய்தியை நிறுத்தும் அதிகாரம் அரசின் கைக்குப் போனால், அரசுக்குப் பிடிக்காத உண்மைச் செய்தியும் ஒரு நாள் நிற்கும். உங்களுக்குத் தேவை திருத்தம்: பழைய செய்தி ஒளிபரப்பான அதே நேரங்களில், அதே அளவில், மூன்று முறை.

இணையதளச் செய்தியின் நிலை வேறு. 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளும் டிஜிட்டல் செய்திக்கு மூன்றடுக்கு முறையை வகுத்தன. ஆனால் அதற்கான 9(3) விதியை 2021 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில், அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்த வேண்டும் என்று அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது. எனவே அந்த வழியை மட்டும் நம்பியிருக்காதீர்கள். இணையதளப் பக்கத்தை நீக்கும் கோரிக்கையைச் சேனலுக்கான புகாரிலேயே சேர்த்துவிடுங்கள். வீடியோவுக்கு யூடியூபின் குறைதீர் அலுவலரிடம் தனியாகப் புகார் செய்யுங்கள். அவர் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசு அமைத்துள்ள குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம்.

நஷ்ட ஈடு வேண்டும் என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். அவதூறு வழக்குக்குக் காலக்கெடு ஒரே ஆண்டு. சேனலின் பதிலுக்காகக் காத்திருக்கும் நாளும் அதில் கழியும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் குற்ற வழக்கும் தொடுக்கலாம். ஆனால் முதலில் திருத்தம் கேட்பதே நல்லது.

இன்று செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒளிபரப்பின் பதிவைச் சேனல் 90 நாள்தான் வைத்திருக்க வேண்டும். அதில் 10 நாள் போய்விட்டது. பதிவை அழிக்கக் கூடாது என்று புகாரிலேயே எழுதுங்கள். யூடியூப் வீடியோவை அதன் முகவரி, தேதி, பார்வை எண்ணிக்கையுடன் சேமித்துக்கொள்ளுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63(4) பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இல்லாமல் அது நீதிமன்றத்தில் நிற்பது கடினம். அதை எப்படித் தயாரிப்பது என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். தம்பியின் பெயர் இல்லாத முதல் தகவல் அறிக்கையின் நகலையும் வாங்கிப் புகாருடன் இணையுங்கள்.